சுவரில் ஒரு கங்காணி

இந்தக் காலத்து ஆட்களுக்கு நோயாளியைப் பார்க்க வரவே தெரியாது என்பது முத்துவீரனின் கட்சி. முன்பெல்லாம் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டால், வெறுங்கையோடு வருகிறவன்கூட ஒரு வாளி தண்ணீராவது தூக்கி வைத்துவிட்டுப் போவான். இப்போது பிஸ்கட் பெட்டியோடு வருகிறார்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று "அனே, பாவம்" என்று அரைச் சிங்களத்தில் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள். உடனே போன் அடிக்கிறது. அதில் பேசிக்கொண்டே படியிறங்கிவிடுகிறார்கள். போன வாரம் வந்த ஒருத்தி, படுத்துக் கிடந்தவளைப் படமே பிடித்தாள். எதற்கென்று கேட்டதற்கு, "கொழும்புல இருக்க மகனுக்குக் காட்டத்தான் மாமா" என்றாள்.

"காட்டு, காட்டு. அவன் அங்கயிருந்து ஊதியே கொணமாக்கிருவான்" என்றார் முத்துவீரன்.

அவள் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

படுத்துக் கிடந்தவள் அவருடைய மனைவி அழகம்மா. தெரணியகலைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிற பழைய தோட்ட லயத்தில், வரிசையின் கடைசியான தொங்கல் வீடு அவர்களுடையது. மாசி மாதம் ஒரு விடியற்காலையில் தேத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டக் குனிந்தவள் அப்படியே சரிந்தாள். வலது கையும் வலது காலும் போயின. அவற்றோடு பேச்சும் போயிற்று. இப்போது வைகாசி பிறந்துவிட்டது. மூன்று மாதமாக ஒரு சொல் இல்லை. நாற்பத்தெட்டு வருடம் அவரோடு மல்லுக்கு நின்ற வாய் அது. லயத்தின் அடுத்த கோடிக்குக் கேட்கும். அந்த வாய்க்குள் இப்போது தேக்கரண்டியால் கஞ்சி ஊற்றினால், பாதி உள்ளே போகும், பாதி கன்னத்தில் வழியும்.

மகள் விஜயகலா விடியற்காலை பஸ்ஸில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். பகலெல்லாம் ஊட்டுவதும் துடைப்பதும் புரட்டிப் போடுவதும், டொக்டர் சொன்னபடி கைகாலை மடக்கி நீட்டுவதும் முத்துவீரன்தான். எழுபத்திரண்டு வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாற்பத்து நாலு வருடம் பால்வெட்டுச் செய்த கை. அந்தக் கைக்குத் தேக்கரண்டி ரொம்பச் சின்ன சாமான்.

போன கிளினிக்கில் டொக்டர் அம்மா அழகம்மாவைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு விஜயகலாவிடம் சிங்களத்தில் பேசினாள். முத்துவீரனுக்கும் சிங்களம் தண்ணீர் பட்ட பாடுதான். ஆனாலும் மகள் அதைத் தமிழில் ஒரு தரம் சொல்லும்வரை புரியாதவர்போல நின்றார்.

"நிறை ரொம்பக் கொறஞ்சு போச்சாம்ப்பா. இன்னும் பதினஞ்சு நாள்ல வரச் சொல்றாங்க. அதுக்குள்ள கூடலேன்னா ஆஸ்பத்திரி வாட்டுல போட்டு, மூக்கு வழியா கொழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கணுமாம்."

"கொழாய்ல குடிக்கிறது லொறி எஞ்சின்தான்" என்றார் முத்துவீரன். ஆனால் திரும்பி வரும்போது ஆட்டோவில், வாட்டுக்குள் போன ஆட்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று மனசு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டே வந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தத் தேரை வந்தது. மழைக்கு ஒதுங்கி வந்திருக்க வேண்டும். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில், கடைக்காரர் கொடுத்த கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மணல் நிறம். முதுகில் உடுக்கை மாதிரி ஒரு கறுப்பு அடையாளம். விரல் நுனியெல்லாம் பொட்டு வைத்ததுபோல உருண்டை உருண்டையாக இருந்தது. கண்கள் இரண்டும் வெளியே பிதுங்கி நின்றன. பகலில் கூரைச் சட்டத்தின் இடுக்கில் கிடக்கும்; பொழுது சாயும்போது இறங்கி அதே இடத்தில் வந்து உட்காரும்.

நாலு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு நாளும் அழகம்மா கொஞ்சம் நன்றாகவே குடித்தாள். கஞ்சியில் இஞ்சி தட்டிப் போட்டதால் வந்த பலன் என்று அவர் நினைத்தார். ஐந்தாம் நாள் மாலை, அவளைப் புரட்டிப் போடும்போது விலா எலும்பு கையில் வரிசையாகத் தட்டுப்பட்டது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். தேரை மோந்த தேங்காய் என்று சொல்வார்களே, வெளியே ஓடு நன்றாக இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. அது நினைவுக்கு வந்ததும் விளக்குமாற்றை எடுத்தார்.

"சீக்குக்காரி இருக்க வீட்டுல ஒனக்கு என்னா வேல?" என்று ஒரே தள்ளாகத் தள்ளி, வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டுபோய், லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானில் விட்டார். மழைத் தண்ணீர் சாக்கடையோடு சேர்த்து அதை இழுத்துக்கொண்டு போயிற்று.

அன்றிரவுக் கஞ்சிக்கு அழகம்மா வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையிலும் திறக்கவில்லை. கரண்டியைப் பல்லில் தட்டிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், "இந்தா புள்ள, ஒரு வாய்" என்று கெஞ்சியும் பார்த்தார். அவள் எதிர்ச் சுவரையே வெறித்துக் கிடந்தாள். சாயங்காலம் அவர் மறுபடியும் கரண்டியோடு குனிந்தபோது, உதடு ஒரு பக்கமாக இழுபட்டு, தொண்டைக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது.

"கங்...காணி."

கரண்டி கீழே விழுந்துவிட்டது.

"என்னா சொன்ன?"

"கங்காணி" என்றாள் அழகம்மா, இந்தத் தரம் தெளிவாக.

மூன்று மாதம் கழித்து வாய் திறந்தவள் புருசன் பேரைச் சொல்லவில்லை, மகள் பேரைச் சொல்லவில்லை. நடராஜா கங்காணியையா கூப்பிடுகிறாள்?

தோட்டத்தில் அவர்களை மேய்த்து வேலை வாங்கிய நடராஜா கங்காணிக்கும் அவருக்கும் இருபத்தாறு வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் அழகம்மாதான். அன்று வெட்டு முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளில் மழைத் தண்ணீர் விழுந்து பால் நீர்த்துவிட்டது. பால் அளக்கிற இடத்தில் அறுபது பேர் முன்னால், "பைப்புல தண்ணி புடிச்சு ஊத்துனியா?" என்று அழகம்மாவைக் கேட்டார் கங்காணி. முத்துவீரன் வரிசையை விட்டு முன்னால் வந்தார். தன் வாளிப் பாலை எடுத்துக் கங்காணியின் சப்பாத்து மேலேயே ஊற்றினார். அது காய்ந்து ரப்பராகி, சப்பாத்தை அறுத்துத்தான் கழற்றினார்களாம். அதற்குப் பிறகு சாவு வீடுகளில் எதிர்ப்பட்டாலும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

போகிற உயிர் பகையை முடித்துக்கொண்டு போகத்தான் பார்க்கும் என்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் முத்துவீரனுக்குத் தூக்கம் போயிற்று. விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, இருபத்தாறு வருடமாக மிதிக்காத வாசலுக்கு இறங்கிப் போனார்.

கங்காணிக்கு எண்பது வயது. வாசலில் நின்ற ஆளைக் கண்ணாடி போட்டு ஒரு தரமும், கழற்றி ஒரு தரமும் பார்த்தார்.

"யாரு, வீரனா? வாளி கொண்டாந்திருக்கியா?"

"இல்லீங்க கங்காணி. அழகம்மா உங்களத்தான் கேக்குறா."

"என்னையவா? பேச்சில்லைன்னாங்களே?"

"உங்க பேரத்தான் மொதல்ல பேசுறா."

கங்காணி உள்ளே போய், வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றிக்குத் திருநீறு பூசி, தலையைப் படிய வாரிக்கொண்டு, குடையோடு வந்தார். வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார். முத்துவீரன் பின்னால் நடந்தார். பழைய பழக்கம் விடவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டதும் கங்காணி தொண்டையைச் செருமினார்.

"அழகம்மா. நான் கங்காணி வந்திருக்கேன் பாரு. அன்னைக்கு அந்தப் பால் விசயம்... அது மழைத் தண்ணின்னு எனக்கும் தெரியும். மேல இருந்து தொர பாத்துக்கிட்டு நின்னாரு. அதுதான் அப்பிடிக் கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காத."

முத்துவீரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரும் என்று யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்கமாட்டார்.

அழகம்மா கங்காணியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நல்லபடி இருக்கிற இடது கையைத் தூக்கி, கலண்டரைக் காட்டினாள்.

"கங்காணி."

"இந்தா, நான் இங்கதானே குந்தியிருக்கேன்" என்றார் கங்காணி.

"கங்காணி" என்றாள் அவள் மறுபடி. விரல் கலண்டருக்குப் பக்கத்து வெறுஞ்சுவரில் நின்றது.

"வீரா, அந்தச் செவுத்துல என்னா இருந்துச்சு?"

முத்துவீரன் தலையைச் சொறிந்தார். "அங்க ஒண்ணும் இல்லீங்க. ஒரு தேரை குந்தியிருந்துச்சு. முந்தாநாள் கூட்டித் தள்ளிட்டேன்."

கூரைத் தகரத்தில் மழை தொடங்கியது.

"அதுக்குக் கண்ணு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார் கங்காணி.

"பிதுங்கி இருக்கும்ங்க."

"கையி?"

"நெஞ்சுக்குக் கீழ மடக்கி வச்சிருக்கும்."

"என்னா வேல செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதுங்க. நாங்க செய்றதப் பாத்துக்கிட்டே இருக்கும்."

கங்காணி குடைக் கைப்பிடியில் தாடையை ஊன்றி யோசித்தார். "அப்ப அது நான்தான்" என்றார்.

கட்டிலில் ஒரு சத்தம் கேட்டது. எச்சில் புரையேறிவிட்டது என்று பயந்து முத்துவீரன் ஓடிப்போய்த் தலையைத் தூக்கினார். புரையேறவில்லை. இடது பக்கத்து வாய் மட்டும் விரிந்து, தோள் குலுங்க, அழகம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அவர் அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார். துடைத்த கையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"போடா, போயித் தேடு" என்றார் கங்காணி. "நின்னுக்கிட்டு என்னா பாக்குற?"

இரண்டு கிழவர்களும் மழையில் இறங்கினார்கள். முத்துவீரன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கானில் குனிந்து தேடினார். கங்காணி குடையைப் பிடித்தபடி கரையில் நின்று வேலை வாங்கினார்.

"கான்ல என்னத்தத் தேடுற? அது மரம் ஏறுற சாதி. மேல பாரு, மேல. அந்த வாழை மட்டையை நிமித்து. மெதுவா! பட்டையா உரிக்கிற?"

மூன்றாவது வாழையில், மட்டை தண்டோடு சேருகிற இடுக்கில், தண்ணீர் தேங்கிய குழிக்குள் ஒரு தேரை ஒடுங்கிக் கிடந்தது. முதுகில் உடுக்கை. முத்துவீரன் பிடித்ததும் கை நிறையச் சிறுநீர் விட்டது.

"இதுதான்" என்றார் கங்காணி.

"எப்பிடிங்க தெரியும்? இந்தச் சாதிக்கு எல்லாத்துக்கும் உடுக்கை இருக்கும்."

"பெரட்டுக்களத்துல எரநூறு பேர மொகம் பாத்துப் பேர் போட்டு வேலைக்கு நிறுத்துனவன் நான். எனக்குத் தெரியாதா?"

முத்துவீரன் நம்பவில்லை. ஆனாலும் கையிலிருந்ததை விடவில்லை.

திரும்ப ஓடிவிடக் கூடாதே என்று, வீட்டிலிருந்த பழைய அலுமினியத் தட்டில் அதை விட்டு, மேலே, கொசுவுக்குப் போட்டிருந்த கிழிந்த நுளம்பு வலையைக் கட்டினார். அகலமான ஆழத் தட்டு. ரப்பர் பால் உறைய வைக்கிற தட்டு அது. ஸ்டோரில் கழித்துவிட்டால் வீட்டுக்கு வரும். அந்த லயத்தில் அரிசி களைவதும் பிள்ளை குளிப்பாட்டுவதும் அதில்தான். கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு கல் வைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தார். அன்று சாயங்காலம் அழகம்மா தட்டைப் பார்த்தபடியே ஏழு கரண்டி குடித்தாள்.

இருட்டிய பிறகு வந்த விஜயகலா, வலைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க தேரை வளக்குறீங்களா?"

"வாய மூடிக்கிட்டுப் போயிக் குளி."

ஆனால் தேரை எதையும் தின்னவில்லை. சோற்றுப் பருக்கை போட்டார். செத்த ஈயை ஈர்க்கில் குத்தி மூக்குக்கு நேரே நீட்டினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் நிறம் கறுத்தது. அதற்கு மறுநாள் காலை, தொடைக்கு உள்பக்கம் சிவந்து, தோல் நூல் நூலாக உரிந்து, கல்லின்மேல் வயிறு ஒட்டப் படுத்துவிட்டது. கண் பாதி மூடிக் கிடந்தது. அழகம்மாவின் வாயும் மூடிக்கொண்டது. கிளினிக்குக்கு இன்னும் ஐந்து நாள்.

அன்று ஆட்டோக்கார நிஸார் வந்தான். கிளினிக்குக்கு எந்நேரம் ஆட்டோ கொண்டுவர வேண்டும் என்று கேட்க வந்தவன், ஸ்டூலைப் பார்த்துவிட்டு நின்றான். அவன் வீட்டில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவன்.

"ஐயா, இதுக்கு என்ன தண்ணி ஊத்தின?"

"பைப் தண்ணி."

"மருந்து போட்ட தண்ணியா? சரிவராது ஐயா. ஏன்ட மீன் எல்லாம் அப்பிடித்தான் செத்த." போனைத் தேய்த்துப் படித்தான். "இதுகள் வாயால தண்ணி குடிக்கிறல்லயாம். தோலாலதான் குடிக்குமாம். கைல சவுக்காரம், உப்பு, ஒண்டும் ஈக்கக் கூடாதாம் தொடுறதுக்கு. செத்ததத் திங்காதாம். உசிரோட துள்ளினாத்தான் அதுட கண்ணுக்குச் சாப்பாடாம்."

"தோலால குடிக்கிற சாதி ஒண்ணு இருக்கா? எவனோ வேலையத்தவன் எழுதுறான், நீ படிக்கிற."

"நான் போன்ல செல்றதச் சென்னேன். நம்பினா நம்புங்க."

அவன் போன பிறகு முத்துவீரன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோலால் குடிக்கும். அப்படியென்றால் தட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தானே குடிக்கும்? வலையை அவிழ்த்து, தட்டின் மூலையை நகத்தால் சுரண்டி மூக்குக்குக் கொண்டுபோனார். மங்கலாகத்தான், ஆனால் தப்பாமல், அந்தப் புளித்த காரம் ஏறியது. எசிட். பாலை உறைய வைக்க ஊற்றுகிற எசிட், ஓரத்து மடிப்புகளில் பாசிபோல ஊறிக் கிடந்தது. அரிசிக்கும் பிள்ளைக்கும் தெரியாத நெடி அது. அவருடைய கை வெடிப்புகளில் நாற்பத்து நாலு வருடம் எரிந்த நெடி.

போனை அவர் நம்பவில்லை. மூக்கை நம்பாமல் இருக்க முடியவில்லை.

"அடப் பாவி" என்றார். யாரைச் சொன்னார் என்பது அந்த வீட்டில் இருவருக்கும் தெரிந்தது.

பீலி, லயத்துக்கு மேலே மலை இடுக்கில் இருந்தது. மூங்கிலை வைத்து ஊற்றுத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். பைப் வந்த பிறகு அங்கே போகிறவர் குறைவு. பாதையெல்லாம் பாசி, பாதத்துக்கு ஒரு அட்டை. தண்ணீர்க் கேத்தலைத் தூக்கிக்கொண்டு இரண்டு தரம் வழுக்கி எழுந்து போனார். வெறும் பீலித் தண்ணீரிலேயே கையை முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கேத்தலை நிரப்பிக்கொண்டு வந்தார்.

வாழை இலையைக் கட்டிலின் ஓரத்தில், அழகம்மாவின் இடது கைக்குப் பக்கத்தில் விரித்துத் தேரையை அதன்மேல் வைத்தார். எதால் தண்ணீர் விடுவது என்று தேடினார். கைக்கு அகப்பட்டது கஞ்சித் தேக்கரண்டிதான். அதைக் கழுவிக்கொண்டு வந்து, முதுகில் ஒரு சொட்டு, தொடையில் ஒரு சொட்டு என்று விடத் தொடங்கினார். அசையவில்லை. விட்டுக்கொண்டே இருந்தார். மூன்று மாதம் பழகிய கை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"குடி. குடியேன். தோலால குடிப்பியாமே, குடிச்சுக் காட்டு" என்று முணுமுணுத்தார்.

கேத்தல் பாதியான பிறகு அழகம்மாவின் இடது கை மெல்ல நகர்ந்து வந்து, அவருடைய முழங்கையைத் தொட்டு அங்கேயே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை தவறும்.

இருட்டுகிற நேரத்தில் தேரையின் தொண்டை துடிக்க ஆரம்பித்தது. விடிந்தபோது இலையில் அது இல்லை. பதறிக்கொண்டு வலையை உதறினார், கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினார். அழகம்மா விரலைத் தூக்கினாள். கலண்டருக்குப் பக்கத்தில், கொஞ்சம் மங்கல் நிறத்தில், கையை நெஞ்சுக்குக் கீழ் மடக்கி உட்கார்ந்திருந்தது. முத்துவீரன் அதைப் பிடிக்கப் போகவில்லை. பின்பக்க ஜன்னலை, எப்போதும் சாத்தியே இருக்கிற ஜன்னலை, ஒரு விரலளவு திறந்து வைத்தார். இருக்க வேண்டுமானால் இருக்கட்டும், வேண்டாமென்றால் போகட்டும்.

போகவில்லை. அன்று பல்பின் வயரை அவிழ்த்துக் கலண்டருக்குப் பக்கமாக இழுத்துக் கட்டினார். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்கு அது வரும். கலண்டர் ஆணியில் ஒரு பால் சிரட்டையைத் தொங்கவிட்டுப் பீலித் தண்ணீர் ஊற்றினார். எசிட் படாத புதுச் சிரட்டை. அதையும் மூன்று தரம் மோந்து பார்த்தார்.

பொழுது சாய்ந்ததும் முதல் ஈசல் பல்பைச் சுற்றியது. தேரை அசையாமல் கணக்குப் பார்த்துவிட்டு ஒரு தாவு தாவியது. ஈசல் போன இடம் தெரியவில்லை. அழகம்மாவின் வாய் தானாகத் திறந்தது. முத்துவீரன் சட்டென்று ஒரு கரண்டி ஊற்றினார். விழுங்கினாள். அது ஒரு பூச்சி, இவள் ஒரு கரண்டி. கிண்ணம் காலியாயிற்று.

பூச்சி வராத நாளில் சங்கடம். முத்துவீரன் காலி மீன்டின்னை எடுத்துக்கொண்டு லயத்துக்கு முன்னாலுள்ள புல்லில் குந்தி வெட்டுக்கிளி பிடித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்னா மாமா தேடுறீங்க?"

"ஒங்க போனுக்கு டவர்."

கிளினிக் நாள் வந்தது. தராசு முள் ஒன்றேகால் கிலோ கூடக் காட்டியது. டொக்டர் அம்மா இரண்டாம் தரமும் ஏற்றிப் பார்த்தாள். "சீயா, மொனவத கன்ன துன்னே?" என்று கேட்டாள், தாத்தா, அப்படி என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று. "கஞ்சி" என்றார் முத்துவீரன். விஜயகலா சும்மா இராமல் தேரைக் கதையைச் சொல்லிவிட்டாள். டொக்டர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, கைகால் பயிற்சியை விடாமல் செய்ததுதான் காரணம் என்றாள். குழாய் வேண்டாம் என்று எழுதினாள்.

வரும் வழியெல்லாம் ஆட்டோவில் வாக்குவாதம். தேரைதான் என்றாள் விஜயகலா. தண்ணீர்தான் என்றான் நிஸார். என்ன ஆயிற்று என்று கேட்க வழியில் குடையோடு நின்ற நடராஜா கங்காணி, தான் வந்து மன்னிப்புக் கேட்டதுதான் என்று அடித்துச் சொன்னார்.

"நான் இஞ்சி தட்டிப் போட்டேனே, அத ஒருத்தனும் சொல்ல மாட்டேங்குறான்" என்றார் முத்துவீரன்.

சாயங்காலம் பல்பைப் போட்டார். தேரை இறங்கி வந்து உட்கார்ந்தது. அவர் கிண்ணத்தோடு குந்தினார். அழகம்மா சுவரைப் பார்த்தாள், சிரட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"தண்...ணி" என்றாள்.

இரண்டாவது சொல். முத்துவீரன் கிண்ணத்தைப் போட்டுவிட்டு, கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவள் உதட்டில் வைத்தார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். விரல் சிரட்டையைக் காட்டியது. எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"அதுக்கா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"மூணு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல. பேச்சு வந்ததும் தேரைக்கு வேல ஏவுறா. ஒரு காம்பரா வீட்டுக்குள்ள ரெண்டு கங்காணி, வேலைக்கு நான் ஒரு ஆளு."

இடது பக்கத்து வாய் விரிந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போலக் கேத்தலைத் தேடி எடுத்தார்.

தேரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முத்துவீரன் கிட்டே போய், அதன் முதுகு உடுக்கையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அன்று கானில் போனதன் உடுக்கை இவ்வளவு அகலமாக இருந்த மாதிரி அவருக்குத் தெரியவில்லை.

"இது அது இல்ல" என்றார். "நான் சொல்றேன், இது வேற தேரை. அந்தக் கங்காணிக் கெழவனுக்குக் கண்ணு தெரியாது. என்னா தேரையா இருந்தா என்னா, தேரையால ஒரு மனுசிக்குக் கொணமாகுமா? கேக்குறவன் கேனையன்னா..."

மீதியை முடிக்காமல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பீலிப் பக்கம் நடந்தார்.